செட்டிங்ஸை ஏபிஐ வழியாக அனுப்ப கர்ல் போதுமா? ஒரு விமர்சனம்

வெப் சேவைகளில் கணக்கு செட்டிங்ஸை மாற்றிக்கொடுப்பது என் வேலையில் பெரும்பகுதி. பதில் மெயில் எந்த முகவரிக்குப் போக வேண்டும், டைம்சோன் என்ன, அறிவிப்பு எந்த மொழியில் வர வேண்டும், வெப்ஹுக் (ஏதாவது நடந்தால் சேவை தானாக நம் முகவரிக்கு அனுப்பும் தகவல்) எங்கே போய்ச் சேர வேண்டும், எந்தெந்த ஐபி முகவரிகளை உள்ளே விடலாம் என்று ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீளப் பட்டியல் இருக்கும். ஒரே ஒரு கணக்கு என்றால் பிரவுசரில் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து நாலு கிளிக்கில் முடித்துவிடலாம், ஏபிஐ (ஒரு நிரல் நேரடியாகச் சேவையோடு பேசும் வழி) பக்கமே போக வேண்டாம். கணக்குகள் கூடக் கூட, அதே மாற்றத்தைச் சோதனைக் கணக்கிலும் நிஜக் கணக்கிலும் அச்சு அசலாக ஒன்றுபோலச் செய்ய வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல். எதைக் கிளிக் செய்தோம், எதை விட்டோம் என்பதற்கு அங்கே எந்தச் சாட்சியும் கிடையாது.

இதற்கென்று அழகான ஜன்னல்களோடு வரும் கருவிகள் நிறைய உண்டு, பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சுற்றிவிட்டு நான் வந்து நின்ற இடம் கர்ல், கட்டளை அடித்து வெப் சேவைக்குக் கோரிக்கை அனுப்பும் நிரல். இது கர்லின் முழு விமர்சனம் இல்லை, அதில் இருக்கும் வசதிகளை எல்லாம் ஒருவர் பயன்படுத்திப் பார்த்து முடிக்கவும் முடியாது. கணக்கு செட்டிங்ஸை ஒரு சேவைக்கு அனுப்புகிற இந்த ஒரு வேலைக்கு அது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அடிக்கும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டேனியல் ஸ்டென்பர்க் 1998 மார்ச்சில் கர்ல் என்ற பெயரில் வெளியிட்ட நிரல் இது, இன்றைக்கும் அவர்தான் முன்னின்று பார்த்துக்கொள்கிறார். இலவசம், திறமூலம். மேக்கில் கூடவே வருகிறது, பெரும்பாலான லினக்ஸில் இருக்கிறது அல்லது ஒரு வரியில் வந்துவிடும், விண்டோஸ் 10-ல் 2018-ல் வந்த 1803 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. நிறுவ வேண்டாம், கணக்கு திறக்க வேண்டாம், உள்நுழைய வேண்டாம். கடைசியாகச் சொன்னது எனக்கு முக்கியம். செட்டிங்ஸை மாற்றுகிற டோக்கன் என்பது கிட்டத்தட்ட வீட்டுச் சாவி, அதை இன்னொரு கருவியின் கிளவுடில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசில்லை.

விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. விண்டோஸின் கட்டளை ஜன்னல்களில் ஒன்றான பழைய பவர்ஷெல் 5.1-ல் கர்ல் என்று அடித்தால் ஓடுவது கர்ல் இல்லை, அந்தப் பெயரில் இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட் என்ற வேறொரு கட்டளை உட்கார்ந்திருக்கிறது. கர்ல்.இஎக்ஸ்இ என்று முழுதாக அடித்தால்தான் நிஜ கர்ல் வரும். இணையத்தில் பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டி, புரியாத பிழைச் செய்தி வந்து, கர்லே சரியில்லை என்று விட்டுப் போனவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கர்லின் குணம் ஒன்றே ஒன்றுதான்: சொன்னதை அப்படியே அனுப்பும், கேட்டால் மட்டும் பதில் சொல்லும். செட்டிங்ஸ் வேலைக்கு முதல் பாதி வரம், இரண்டாம் பாதி வம்பு.

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது -டி, தகவலை அனுப்பச் சொல்லும் விருப்பம். ஜேசானை (பெயரும் மதிப்புமாகத் தகவலை எழுதும் வடிவம்) மேற்கோள் குறிக்குள் போட்டு -டி கொடுத்தால் போய்விடும். போகும், ஆனால் கூடவே கன்டென்ட்-டைப் ஹெடரில் (ஹெடர் என்பது கோரிக்கையின் மேல் ஒட்டும் விவரச் சீட்டு) "இது வெப் படிவத்தில் நிரப்பிய தகவல்" என்று எழுதி அனுப்பும். கண்டிப்பான சேவையாக இருந்தால் 415 (இந்த வடிவத்தை ஏற்க மாட்டேன்) என்று முகத்தில் அறைந்தாற்போல் திருப்பி அனுப்பிவிடும், அது நல்லது. தாராள மனசுள்ள சேவைதான் ஆபத்து. நாங்கள் பயன்படுத்தும் ஒரு அறிவிப்புச் சேவை (பெயர் வேண்டாம், ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறது) இப்படி வரும் கோரிக்கையைப் படித்துப் பார்த்து, அதில் தனக்குத் தெரிந்த ஃபீல்டு (தனித்தனி செட்டிங்) எதுவும் இல்லை என்று முடிவு செய்து, எதையும் மாற்றாமல் 200 (வெற்றி) கொடுத்துவிடும். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் என் மேசைக்கு வந்து, "200 வந்துச்சே அண்ணா, அப்புறம் ஏன் மாறல?" என்று கேட்டது இந்தச் சேவையை வைத்துத்தான்.

இதற்கு கர்லே ஒரு மருந்து கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் வந்த 7.82.0 பதிப்பில் --ஜேசான் என்ற விருப்பம் சேர்ந்தது. தகவலை ஒரு பைட் கூட மாற்றாமல் அனுப்புவது, கன்டென்ட்-டைப்பை ஜேசான் என்று குறிப்பது, பதிலும் ஜேசானாகவே வேண்டும் என்று கேட்பது ஆகிய மூன்றையும் ஒன்றாகச் செய்யும் சுருக்குவழி, அவ்வளவுதான். நீங்கள் எழுதியது சரியான ஜேசானா என்று அது பார்க்காது, கடைசி வரியில் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருந்தாலும் அப்படியே அனுப்பும். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் கோரிக்கையின் முறை போஸ்ட்தான், தகவல் அனுப்பும் பொதுவான முறை. பேட்ச் என்ற முறை வேண்டும் என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் -எக்ஸ் போட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த போஸ்ட், புட், பேட்ச் விவகாரத்தில்தான் செட்டிங்ஸ் வேலையின் உயிர் இருக்கிறது, கொஞ்சம் நின்று பேசலாம். புட் என்றால் "இனி இந்தக் கணக்கின் செட்டிங்ஸ் இதுதான்" என்று முழுதாக மாற்றி எழுதுவது. பேட்ச் என்றால் "இதை மட்டும் மாற்று". பேட்ச் தனி முறையாகத் தரப்படுத்தப்பட்டது 2010-ல், ஆர்எஃப்சி 5789 என்ற இணையத் தர ஆவணம் வழியாக. எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஒவ்வொரு சேவையும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப்பில் உங்கள் சொந்த விவரங்களை மாற்ற பேட்ச். பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப்பில் மாற்றுவதற்கும் போஸ்ட்தான், அனுப்பாத ஃபீல்டை அது தொடாது. நான் மேலே சொன்ன அதே அறிவிப்புச் சேவையின் ஆவணத்தில் புட் முறைக்கு நேராக "செட்டிங்ஸை அப்டேட் செய்யும்" என்று ஒரே வரி. டைம்சோனை மட்டும் வைத்து புட் அனுப்பினால், டைம்சோன் மாறும், மற்றதெல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், வெப்ஹுக் முகவரி காலியாகிவிடும். ஒரு பிழையும் வராது. வெப்ஹுக் வரவில்லை என்று எதிர்முனையில் இருப்பவர் கேட்கும்வரை யாருக்கும் தெரியாது. உதவிக் குழுவிடம் கேட்டதற்கு, "புட் என்றால் அப்படித்தான்" என்று பதில் வந்தது. தப்பில்லை, ஆனால் அதை ஆவணத்தில் எழுதியிருந்தால் என்ன குறைந்துபோகும்?

கர்ல் இதில் ஒரு உதவியும் செய்யாது, செய்யவும் முடியாது. சேவையின் செட்டிங்ஸில் என்னென்ன ஃபீல்டு இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் பழக்கம் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: முதலில் கெட் (கேட்டு வாங்கும் முறை) போட்டு இருப்பதை ஒரு கோப்பில் எழுதிவைப்பது, அப்புறம்தான் மாற்றம். கிளிக் செய்து மாற்றும்போது இந்த "முன்பு எப்படி இருந்தது" கோப்பு கிடைக்கவே கிடைக்காது. கர்லுக்கு நான் தரும் முதல் மதிப்பெண் இதற்குத்தான், பதிலைக் கோப்பில் போடுவது அதற்கு மூச்சு விடுவது மாதிரி இயல்பு.

பேட்ச் என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பல சேவைகள் பின்பற்றுவது ஜேசான் மெர்ஜ் பேட்ச் என்ற முறை, 2014-ல் வந்த ஆர்எஃப்சி 7396. அதில் ஒரு ஃபீல்டுக்கு நல் (மதிப்பே இல்லை என்ற குறி) என்று அனுப்பினால் "அதை நீக்கு" என்று அர்த்தம். அனுப்பாமல் விட்டால் "தொடாதே". காலி எழுத்துச்சரம் அனுப்பினால் "காலியாக வை". மூன்றும் மூன்று வேறு செய்தி, ஆனால் செட்டிங்ஸ் பக்கத்தில் பார்த்தால் மூன்றும் வெற்றுப் பெட்டியாகவே தெரியலாம். ஸ்ட்ரைப்பின் மெட்டாடேட்டாவிலோ (நாமே பெயரிட்டு வைக்கும் கூடுதல் தகவல்) காலி மதிப்பு அனுப்பினால்தான் அந்தப் பெயர் நீங்கும், ஆக பொது விதி என்று ஒன்றை மனப்பாடம் செய்யவும் வழியில்லை. பட்டியல்கள் இன்னும் மோசம். மெர்ஜ் பேட்ச்சில் பட்டியலுக்குள் ஒன்றைச் சேர்க்க வழியே கிடையாது, முழுப் பட்டியலையும் திரும்ப அனுப்ப வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியலில் புதிதாக ஒரு முகவரியைச் "சேர்க்கிறேன்" என்று அந்த ஒன்றை மட்டும் அனுப்பினால், மற்ற எல்லோரும் வெளியே நிற்பார்கள். இதைச் சரியாகச் செய்ய ஜேசான் பேட்ச் என்ற இன்னொரு முறை 2013-லேயே, ஆர்எஃப்சி 6902-ல் வந்துவிட்டது. அதில் சேர், நீக்கு, மாற்று, "முதலில் இது இப்படி இருக்கிறதா என்று சோதி" என்று தனித்தனி கட்டளைகள் உண்டு. நான் செட்டிங்ஸுக்காகத் தொட்ட சேவைகளில் அதை ஏற்றுக்கொள்பவை குறைவு. ஏற்றுக்கொள்ளும் இடத்தில் கன்டென்ட்-டைப்பை நீங்களே பெரிய ஹெச் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், --ஜேசான் வைத்ததை அது மேலெழுதிவிடும், சண்டை வராது.

இப்போது பிழைகள். கர்லின் மேல் எனக்கு இருக்கும் பெரிய புகார் இது. சேவை 422 (தகவல் செல்லாது) என்று திருப்பி அனுப்பினாலும், 500 (சேவைக்குள்ளேயே பிழை) என்று விழுந்தாலும், கர்ல் தன் வேலை நன்றாக முடிந்தது என்றே சொல்லும். அதன் கணக்கில் கோரிக்கை போனது, பதில் வந்தது, அவ்வளவுதான் வேலை. கைமுறையாக ஓட்டும்போது பதிலைக் கண்ணால் பார்த்துவிடுவோம். ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்தால், நடுவில் ஒரு கணக்கு தோற்றாலும் கடைசியில் எல்லாம் வெற்றி என்று வந்து நிற்கும். --ஃபெயில் போட்டால் 400-உம் அதற்கு மேலுமான பதில்களுக்கு 22 என்ற வெளியேறும் எண்ணோடு தோற்கும், ஆனால் பதிலின் உடலை (உள்ளடக்கத்தை) விழுங்கிவிடும். செட்டிங்ஸில் எந்த ஃபீல்டு பிடிக்கவில்லை என்று சேவை சொல்லியிருக்கும் அந்த வரிதானே நமக்கு வேண்டும்? பல வருடம் இப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய நிலை இருந்து, 2021-ல் 7.76.0 பதிப்பில் --ஃபெயில்-வித்-பாடி வந்தது. தோற்கவும் செய்யும், காரணத்தையும் காட்டும். என்னைக் கேட்டால் செட்டிங்ஸ் வேலைக்கு கர்லில் இருக்கும் மிகச் சிறந்த விருப்பம் இதுதான். ஆரம்பத்திலிருந்தே இயல்பாக இப்படி இருந்திருக்க வேண்டும், ஆனால் பழைய ஸ்கிரிப்ட்டுகள் உடையக் கூடாது என்பதில் கர்ல்காரர்கள் பிடிவாதமானவர்கள், அந்தப் பிடிவாதத்தால்தான் என் பழைய ஸ்கிரிப்ட்டுகளும் இன்னும் ஓடுகின்றன.

காரணத்தைக் காட்டும் என்றேன், சேவை சொன்னால்தான் காட்டும். டைம்சோன் உதாரணம் ஒன்று. உலகம் முழுக்கப் பயன்படும் டைம்சோன் பட்டியலில் யூரோப்/கீவ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் 2022-ல் மாறியது, பழைய எழுத்துக்கூட்டல் மாற்றுப் பெயராக இன்னும் செல்லும். புதிய எழுத்துக்கூட்டலை அனுப்பினால் ஏற்காத சேவை ஒன்றில் வந்த முழுப் பதில்: ஸ்டேட்டஸ் 422, உடலில் "செல்லாத மதிப்பு". எந்த ஃபீல்டு, என்ன மதிப்பு, எதை எதிர்பார்த்தாய் என்று ஒன்றும் இல்லை. கோரிக்கையில் இருந்த ஃபீல்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அனுப்பிப் பார்த்துத்தான் டைம்சோன் என்று தெரிந்தது. ஏபிஐ பிழைகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு தரமே இருக்கிறது. 2016-ல் ஆர்எஃப்சி 7807 ஆக வந்து 2023-ல் 9457 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. வகை, தலைப்பு, விவரம் என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறது, கூடுதலாக ஃபீல்டு வாரியாகப் பிழைகளைச் சேர்க்கவும் இடம் தருகிறது. அதைப் பின்பற்றும் சேவையில் வேலை செய்தால் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும், மிகைப்படுத்தவில்லை.

ரீடைரக்ட் (வேறு முகவரிக்குப் போ என்று சேவை திருப்பிவிடுவது) பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் தோல்வி வெற்றி வேடம் போட்டு வரும். முகவரியில் எஸ் இல்லாமல் ஹெச்டிடிபி என்று அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சேவை 301 கொடுத்து பாதுகாப்பான முகவரிக்கு அனுப்பும். கர்ல் தானாகப் பின்தொடராது, பெரிய எல் போட்டால்தான் தொடரும். போட்டிருந்தால், 301, 302, 303 மூன்றுக்கும் போஸ்ட்டை கெட் ஆக மாற்றிக்கொண்டு தொடரும். அதாவது உங்கள் மாற்றம் வழியிலேயே உதிர்ந்துவிடும், கெட் மட்டும் போய்ச் சேரும், சேவை இப்போதைய செட்டிங்ஸை அழகாக ஜேசானில் 200-ஓடு திருப்பித் தரும். பார்க்க அச்சு அசல் வெற்றிப் பதில். உள்ளே இருப்பது பழைய செட்டிங்ஸ். பெரிய எக்ஸ் போட்டு முறையைக் கட்டாயப்படுத்தியிருந்தால் இது நடக்காது, ஆனால் அப்போது எல்லாத் திருப்பத்திலும் அதே முறை போகும், அது வேறு தொல்லை. டோக்கன் விஷயமும் இதோடு ஒட்டியது. வேறொரு சர்வருக்கு ரீடைரக்ட் ஆனால் நீங்கள் கையால் வைத்த, டோக்கனைத் தாங்கும் ஆத்தரைசேஷன் ஹெடரை கர்ல் கழற்றிவிடும், 2018-ல் வந்த 7.58.0 முதல் அப்படி. ஆனால் பல சேவைகள் ஆத்தரைசேஷன் ஹெடர் கேட்பதில்லை, எக்ஸ்-ஏபிஐ-கீ என்பதுபோலச் சொந்தப் பெயரில் ஒரு ஹெடர் கேட்கின்றன. அது சாவி என்று கர்லுக்குத் தெரியாது, ரீடைரக்ட் ஆன இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகும். செட்டிங்ஸ் அனுப்பும்போது பெரிய எல் வேண்டவே வேண்டாம், ரீடைரக்ட் வந்தால் முகவரி தப்பு என்று எடுத்துக்கொண்டு முகவரியைத் திருத்துங்கள்.

டோக்கனைக் கட்டளை வரியிலேயே எழுதுவதும் வேண்டாம். டெர்மினல் வரலாற்றில் தங்கிவிடும், அதே கணினியில் இன்னொருவர் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தாலும் தெரியக்கூடும். ஹெடரை ஒரு கோப்பில் எழுதி, பெரிய ஹெச்சுக்குப் பிறகு @ போட்டு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுக்கலாம், 7.55.0-லிருந்து முடியும். கோப்பை உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் -வி. கோரிக்கையில் என்ன ஹெடர் போனது, என்ன வந்தது என்று எல்லாவற்றையும் காட்டும், பிழை தேட அதைவிட நல்லது இல்லை. எல்லாவற்றையும் என்றால் டோக்கனையும்தான். அந்த வெளியீட்டை உதவிக் குழுவுக்கு ஒட்டும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆக நான் வழக்கமாக அடிப்பது இப்படி இருக்கும்: கர்ல் --ஃபெயில்-வித்-பாடி -எக்ஸ் பேட்ச் --ஜேசான் @மாற்றம்.ஜேசான் -ஹெச் @சாவி.டிஎக்ஸ்டி, அப்புறம் முகவரி. மாற்றம் ஒரு கோப்பில், சாவி ஒரு கோப்பில். மாற்றக் கோப்பை கிட்டில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதியும் கருவி) போட்டு வைக்கலாம், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது அதிலேயே தெரியும். சாவிக் கோப்பு கிட் பக்கமே போகக் கூடாது.

கோப்பில் வைப்பதால் இன்னொரு தலைவலியும் போகிறது. விண்டோஸின் பழைய கமாண்ட் ஜன்னலில் ஒற்றை மேற்கோள் குறிக்கு மதிப்பே கிடையாது, ஜேசானுக்குள் இருக்கும் ஒவ்வொரு இரட்டைக் குறிக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். கோப்பில் வைத்தால் அந்தக் கூத்து இல்லை. ஆனால் கோப்பு யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறை) ஆக இருக்கட்டும். பவர்ஷெல் 5.1-ல் அம்புக்குறி (>) போட்டுக் கோப்பு எழுதினால் அது யூடிஎஃப்-16, கர்ல் அதையும் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பும், சேவை ஜேசானே இல்லை என்று சொல்லும்.

தமிழில் செட்டிங்ஸ் வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெயில் அனுப்புநர் பெயர், வரவேற்புச் செய்தி போன்றவற்றைத் தமிழில் வைக்கலாம், கர்ல் பைட்டுகளை அப்படியே கடத்துவதால் அது தரப்பில் ஒரு பிரச்சினையும் வராது. பிரச்சினை சேவையில் வரும். பெயர் 64 எழுத்து வரை இருக்கலாம் என்று ஒரு ஆவணம் சொல்லும். எதை எழுத்து என்கிறது? "வணக்கம்" என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஏழு குறியீடு, யூடிஎஃப்-8-ல் 21 பைட். சேவை உள்ளே பைட்டை எண்ணினால் இடைவெளி இல்லாத தமிழ்ப் பெயருக்கு 21 குறியீடுதான் கொள்ளும். இதில் இரண்டு வகை பார்த்திருக்கிறேன். ஒன்று, நீளம் அதிகம் என்று 422 கொடுப்பது, பரவாயில்லை. இன்னொன்று, 200 கொடுத்துவிட்டு 64-வது பைட்டில் கத்தரித்துவிடுவது. அது ஓர் எழுத்தின் நடுவில் விழும், பெயரின் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வந்து உட்காரும்.

அதனால்தான் அனுப்பிய பிறகும் ஒரு கெட். திரும்ப வந்ததையும் அனுப்பியதையும் ஜேக்யூவில் (ஜேசானைக் கையாளும் கருவி) கொடுத்து, பெரிய எஸ் போட்டு ஃபீல்டு பெயர்களை வரிசைப்படுத்தி, இரண்டையும் டிஃப் (கோப்புகளை ஒப்பிடும் கருவி) பார்த்தால் வேறுபாடு கையில் வந்துவிடும். தமிழில் ஒரு விசித்திரம் கண்ணில் படலாம். "கொ" என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று பிரித்தும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும். சில சேவைகள் சேமிக்கும்போது இதை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும், டிஃப் அந்த வரி மாறியிருக்கிறது என்று சாதிக்கும், நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டியதுதான். கணக்கு எண் மிக நீளமாக இருந்தால் ஜேக்யூ 1.7 அல்லது அதற்குப் பிந்தையதை வைத்துக்கொள்ளுங்கள். பழையது 9007199254740991-க்கு மேற்பட்ட எண்களின் கடைசி இலக்கங்களை மாற்றிவிடும், வேறு யாரோ ஒருவரின் கணக்கு எண் கையில் இருக்கும். சில சேவைகள் 202 கொடுக்கும், அது "வாங்கிக்கொண்டேன், பிறகு செய்கிறேன்" என்பது. அங்கே உடனே கெட் போட்டால் பழையதுதான் வரும், பதற வேண்டாம்.

திரும்ப முயலும் வசதியும் கர்லில் இருக்கிறது. --ரீட்ரை போட்டால் 429, 500, 503 போன்ற தற்காலிகத் தோல்விகளுக்குக் காத்திருந்து மறுபடி அனுப்பும், சேவை ரீட்ரை-ஆஃப்டர் சொல்லியிருந்தால் அதை மதிக்கும். நல்லது. ஆனால் எந்த முறை என்று பார்க்காமல் போஸ்ட்டையும் திரும்ப அனுப்பும். டைம்சோனை இரண்டு தடவை ஒரே மதிப்புக்கு மாற்றினால் ஒன்றும் குடி முழுகாது. புதிய வெப்ஹுக் ஒன்றை உருவாக்குகிற போஸ்ட் முதல் தடவையே போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், இரண்டாம் தடவை இன்னொரு வெப்ஹுக் உருவாகும், அன்றிலிருந்து ஒவ்வொரு அறிவிப்பும் இரட்டையாக வரும். ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்தாலும் ஒரு தடவை மட்டும் செய்யச் சொல்லும் ஐடெம்பொடென்சி-கீ ஹெடரை ஏற்கும் சேவையாக இருந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் உருவாக்கும் கோரிக்கைகளுக்கு --ரீட்ரை வேண்டாம்.

ஒரே கணக்கை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றும் பிரச்சினைக்கு ஹெச்டிடிபியில் விடை எப்போதோ இருக்கிறது. கெட்டில் வந்த ஈடேக்கை (அப்போதைய பதிப்பின் அடையாளக் குறி) இஃப்-மேட்ச் ஹெடரில் வைத்து அனுப்பினால், நடுவில் யாராவது மாற்றியிருந்தால் 412 வரும். கர்லில் --ஈடேக்-சேவ் இருக்கிறது, கோப்பில் எழுதிக்கொள்ளும். ஆனால் அதன் ஜோடியான --ஈடேக்-கம்பேர் அனுப்புவது இஃப்-நன்-மேட்ச், "மாறியிருந்தால் மட்டும் கொடு" என்ற வேலைக்கானது. மாற்றம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு ஜோடி இல்லை, கையால் ஹெடர் எழுத வேண்டும். சின்னக் குறைதான். செட்டிங்ஸுக்கு ஈடேக் கொடுக்கும் சேவையே அரிது என்பதால் கர்லைத் திட்டவும் மனசு வரவில்லை.

எப்போது கர்ல் வேண்டாம்? கணக்குகளின் பட்டியலைப் பக்கம் பக்கமாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மதிப்பு கணக்கிட்டு அனுப்ப வேண்டும் என்றால் பைத்தானுக்குப் போய்விடுங்கள், ஷெல் ஸ்கிரிப்ட்டில் அதை எழுதலாம், ஆனால் அடுத்த மாதம் அதைப் படிக்க முடியாது. நீங்கள் பயன்படுத்தும் சேவைக்கு டெராஃபார்ம் (செட்டிங்ஸைக் கோப்பில் எழுதி அமல்படுத்தும் கருவி) ஆதரவு இருந்தால் அது இன்னும் மேல், மாற்றுவதற்கு முன்னாலேயே என்னென்ன மாறப்போகிறது என்று காட்டிவிடும், கர்லில் அந்த ஒன்று எப்போதும் வராது. ஏபிஐயே பழக்கமில்லாதவர் கையில் கொடுக்கவும் வேண்டாம், முதல் வாரத்தில் ஜன்னல் உள்ள கருவிதான் எளிது. மற்றபடி ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது, தோல்வியைத் தோல்வி என்று சொல்ல நாம் தனியாகக் கேட்க வேண்டியிருப்பதற்கு.

ஆவணத்தில் இல்லாத செட்டிங்ஸ் இருந்தால் ஒரு வழி உண்டு. பிரவுசரில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து வைத்துக்கொண்டு செட்டிங்ஸ் பக்கத்தில் அதை மாற்றுங்கள், நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோரிக்கை தெரியும், வலது கிளிக் செய்தால் கர்ல் கட்டளையாகவே நகலெடுக்கலாம், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் உண்டு. ஃபீல்டின் பெயரும் வடிவமும் அதில் இருக்கும். கூடவே நீங்கள் உள்நுழைந்திருப்பதைக் காட்டும் உங்கள் குக்கியும் இருக்கும், அதை நீக்கிவிட்டு மற்றவருக்கு அனுப்புங்கள். ஆவணத்தில் இல்லாதது எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதால் ஸ்கிரிப்ட்டில் நிரந்தரமாக வைக்காமல், உதவிக் குழுவிடம் "இந்த ஃபீல்டை நாங்கள் பயன்படுத்தலாமா" என்று கேட்க மட்டும் நான் இதைப் பயன்படுத்துகிறேன். எங்கள் அறிவிப்புச் சேவையில் இரண்டு ஃபீல்டுகள் அப்படிக் கேட்ட பிறகுதான் ஆவணத்தில் ஏறின.